எள்ளப்பட்டவர் சிரிக்கும்போது

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை வரிசைப்படுத்துகையில் நகையை முதலில் வைக்கிறது. வெகுளிக்கு ஏழாவது இடம்தான். நகை பிறக்கும் களங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு. இவற்றுள் எள்ளலுக்கு உரை எழுதிய பேராசிரியர் அதை இரண்டாகப் பிரிக்கிறார். தான் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று. பிறர் தன்னை எள்ளிய இடத்தில் தான் சிரிப்பது மற்றொன்று.

உரையாசிரியர் போகிறபோக்கில் சொன்ன இந்தப் பிரிவு, கேலிச்சித்திரம், கானா, வீதி நாடகம், மீம் என்று இன்று விரிந்து கிடக்கும் எதிர்ப்புக் கலையை நிறுத்துப் பார்க்க நல்ல தராசு. அநீதிக்கு எதிரான நகைச்சுவை பற்றி எப்போதும் இரண்டு கட்சிகள் உண்டு. சிரிப்பு அதிகாரத்தின் மீதுள்ள அச்சத்தை உடைக்கும் என்பது ஒரு கட்சி. திரள வேண்டிய கோபத்தைச் சிரிப்பு நீர்த்துப்போகச் செய்யும், அதனால்தான் ஆள்பவர்கள் அதைக் கொஞ்சம் அனுமதித்து வைக்கிறார்கள் என்பது மறு கட்சி. இரண்டுக்கும் தமிழ்நாட்டிலேயே போதிய சான்றுகள் இருக்கின்றன. அவற்றை வரிசையாகப் பார்த்தால், யார் சிரிக்கிறார், யாரைப் பார்த்துச் சிரிக்கிறார், சிரிப்புக்குப் பின்னால் வேறென்ன நிற்கிறது என்ற மூன்றையும் பொறுத்தே விடை மாறுவது தெரியும்.

கூத்து மேடையும் அச்சுக்கூடமும்

தெருக்கூத்தில் ராஜா வருவதற்கு முன் வருபவன் கட்டியங்காரன். ராஜாவின் வரவைக் கட்டியம் கூறுபவனும் அவன்தான், வந்த ராஜாவைக் குறுக்குக் கேள்வி கேட்டு மடக்குபவனும் அவன்தான். துரியோதனன் சபையில் நிற்கிறவன் திடீரென்று ஊர்ப் பஞ்சாயத்தைப் பற்றியும் ரேஷன் கடையைப் பற்றியும் பேசுவான். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதருக்கும் அதில் ஒரு குத்து விழும். தோல்பாவைக் கூத்தில் இதே வேலையை உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் செய்கிறார்கள். ராமாயணத்துக்கு இடையில் அவர்கள் புகுந்துவிட்டால் காவியத்தின் கம்பீரம் சற்றே இறங்கி வந்து மண்ணில் உட்கார்ந்துகொள்ளும்.

ஆனால் இந்தச் சுதந்திரத்துக்குக் கால எல்லை உண்டு. விடிந்தால் கூத்து முடியும். வயலில் அதே ஆண்டை, அதே ஆள். இரவு முழுவதும் சிரித்த சிரிப்பு காலையில் ஒரு மரக்கால் கூலியைக்கூட உயர்த்தவில்லை. மறு கட்சிக்காரர்களின் வாதம் வலுவாக நிற்கும் இடம் இதுதான்.

அச்சு வந்தபோது கேலிக்கு விடிந்த பிறகும் வாழும் ஆயுள் கிடைத்தது. 1906-இல் சென்னையில் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழில் பாரதியார் கருத்துப்படங்களை முறையாக வெளியிட்டார். தமிழ் இதழியலில் அரசியல் கேலிச்சித்திரத்துக்கு வழி திறந்தது அந்த இதழ். படிக்கத் தெரியாதவருக்கும் அரசாங்கத்தின் மீதான குற்றச்சாட்டு புரியும்படி செய்ய முடியும் என்பதைப் படம் காட்டியது. 1908-இல் அந்த இதழில் வெளியான எழுத்துகளுக்காக, பதிவேட்டில் ஆசிரியராக இருந்த எம். சீனிவாசன் சிறைக்குப் போனார். பாரதி புதுச்சேரிக்குப் போனார். இதழ் அங்கிருந்து 1910 வரை வந்தது.

அதே காலத்தில், 1907-இல், அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய இதழின் பெயரைக் கவனிக்க வேண்டும்: ‘ஒரு பைசாத் தமிழன்’. மலிவு என்று பிறர் ஒதுக்குவதைத் தானே எடுத்துத் தலைப்பாகச் சூடிக்கொள்ளும் தொனி அதில் இருக்கிறது. பேராசிரியர் சொன்ன இரண்டாவது நகை அச்சில் ஏறியதற்கு அந்தப் பெயரே ஒரு சாட்சி.

பழகிய வடிவத்தில் புதிய பொருள்

எதிர்ப்பு நகைச்சுவை புதிய வடிவங்களைத் தேடி அலைவது குறைவு. கேட்பவருக்கு ஏற்கெனவே மனப்பாடமான ஒன்றை எடுத்து, ஒரே ஓர் இடத்தில் மட்டும் திருகிவிடும்.

கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் ‘கிந்தனார்’ காலட்சேபம் இதற்குச் சிறந்த பாடம். 1949-இல் வந்த ‘நல்லதம்பி’ படத்தில் இடம்பெற்ற அது, கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தின் சட்டகத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறது. சப்ளாக்கட்டை, பின்பாட்டு, பாகவதரின் இழுப்பு எல்லாம் அதே. மாறியது நாயகனின் ஆசை மட்டும். நந்தனார் சிதம்பரம் போக விரும்பினார். கிந்தனார் பள்ளிக்கூடம் போக விரும்புகிறான். நந்தனார் நெருப்பில் இறங்கிப் பரிசுத்தமாகிக் கோயிலுக்குள் நுழைந்தார். கிந்தன் ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்து, தன்னை அடித்து விரட்டிய வாத்தியாரின் பள்ளிக்கே அதிகாரியாகத் திரும்புகிறான். தீண்டாமை பாவம் என்று ஒரு வரிகூடப் பிரசங்கம் செய்யாமல், பழைய கதையில் எரிய வேண்டியிருந்தது யாருடைய உடம்பு என்ற கேள்வியைக் கேட்பவர் மனத்தில் எழுப்பிவிடுகிறது அந்தக் கேலி. நந்தனார் கதை தெரியாத ஊரில் அது எடுபட்டிருக்காது.

வசைச்சொல்லையும் இப்படித் திருகலாம். ‘பொறம்போக்கு’ என்பது நிலத்தைக் குறித்தபோது யாருடைய பட்டாவிலும் சேராத பொது இடம். ஆளைக் குறித்தபோது உருப்படாதவன். 2017-இல் கபேர் வாசுகி எழுதி, டி.எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று பாடிய ‘சென்னைப் பொறம்போக்குப் பாடல்’ இந்த இரண்டு பொருளையும் முட்டவிட்டது. பொது நிலத்தை நாசமாக்கும் அனல்மின் நிலையச் சாம்பலைப் பற்றிச் சென்னைப் பேச்சுத் தமிழில், கர்நாடக ராகங்களில் ஒரு பாட்டு. சபா மேடையின் சங்கீதம் சாம்பல் சேற்றில் நிற்பதே பாதி விமர்சனம்.

2018 ஜனவரியில் சென்னையில் முதல் கச்சேரியை நடத்திய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இன்னொரு படி மேலே போனது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய இக்குழு, அயோத்திதாசரின் ‘சாதி பேதமற்ற’ என்ற சொல்லாட்சியிலிருந்து தன் பெயரை எடுத்தது. சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கப்பட்ட கானா, ஒதுக்கியவர்களைப் பார்த்து இடஒதுக்கீட்டைப் பற்றியும் மாட்டுக்கறியைப் பற்றியும் கிண்டலாகக் கேள்வி கேட்டது. மேடை ஏறிய இளைஞர்கள் கோட்டு சூட்டு அணிந்திருந்ததிலும் அம்பேத்கரின் நினைவோடு ஒரு குறும்பு இருந்தது.

எதிர்ப்புக்கு எல்லா நேரமும் குரல்கூடத் தேவைப்படுவதில்லை. 2019 டிசம்பர் இறுதியில், மார்கழிக் காலையில், சென்னை பெசன்ட் நகரில் சில பெண்கள் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வேண்டாம் என்று கோலம் போட்டார்கள். கோலத்தில் நகைச்சுவை ஒன்றும் இல்லை. காவல்துறை வந்து அவர்களைப் பிடித்துச் சென்றபோதுதான் அது சேர்ந்தது. அரிசி மாவுக்காகக் கைது என்ற செய்தி பரவிய மறுநாள், கோபாலபுரத்தில் கருணாநிதி இல்லத்து வாசலில் தொடங்கி ஊரெங்கும் அதே கோலம் முளைத்தது.

சட்டமும் சிரிப்பும்

கேலிக்கு அதிகாரம் காட்டும் எதிர்வினையே பல நேரங்களில் கேலியைவிடப் பெரிய நகைச்சுவையாகிவிடும். இதற்கு நம் நாட்டில் ஒரு பழைய முன்னுதாரணம் 1876. வேல்ஸ் இளவரசரைத் தன் வீட்டு அந்தப்புரத்துக்கே அழைத்து உபசரித்த கல்கத்தா வழக்கறிஞர் ஒருவரைப் பகடி செய்து ஒரு நாடகம் வந்தது. போலீஸ் தடுத்தது. குழுவினர் பெயரை மாற்றி மீண்டும் நடித்தார்கள். பிறகு போலீஸ் கமிஷனர் ஹாக், சூப்பரின்டென்டென்ட் லாம்ப் ஆகியோரின் பெயர்களை வைத்து, பன்றியும் ஆடும் நடத்தும் போலீஸ் என்று ஒரு நாடகம் போட்டார்கள். அந்த ஆண்டே நாடக நிகழ்ச்சிகள் சட்டம் வந்தது. ஒரு நகைச்சுவைக்குப் பதிலாகப் பிறந்த அந்தச் சட்டம் ஆங்கிலேயர் போன பிறகும் புத்தகத்தில் இருந்தது. மத்திய அரசு அதை நீக்கியது 2018-இல்தான்.

சுதந்திர இந்தியாவில் சென்னை மாகாணம் 1954-இல் தனக்கென ஒரு நாடகச் சட்டத்தை இயற்றியது. நடிகர் எம்.ஆர். ராதாவுக்காகவே போட்ட சட்டம் என்று அன்று பேச்சு. ‘ரத்தக் கண்ணீ’ரில் பணக்கார மோகனின் உடம்பு அழுக அழுக அவன் வாய் மட்டும் கூர்மையாகிக்கொண்டே போகும், சமூகத்தின் பாசாங்குகளைத் தோலுரிக்கும் உரிமையை நோயாளிக்குத் தந்த வேடம் அது. ராதாவின் ராமாயண நாடகம் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. மனம் புண்படும் என்று நினைப்பவர்கள் வர வேண்டாம், அவர்கள் காசும் வேண்டாம் என்று விளம்பரமே கொடுத்தவர் அவர். ஒரு பெயரில் தடை வந்தால் வேறு பெயரில் மேடையேற்றுவார். கல்கத்தாக்காரர்கள் செய்த அதே வேலை, ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குப் பின். 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் அரசமைப்புக்கு முரணானவை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர் ‘பரீக்‌ஷா’ நாடகக் குழுவின் ஞாநி.

1987-இல் ‘ஆனந்த விகடன்’ அட்டையில் ஒரு ஜோக் வந்தது. மேடையில் இருப்பவர்களில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்ற கேள்விக்கு, ஒருவரைப் பிக்பாக்கெட்டுக்கும் மற்றவரைக் கொள்ளைக்காரருக்கும் ஒப்பிட்ட பதில். சட்டமன்றம் உரிமை மீறல் என்றது. ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன் மன்னிப்புக் கேட்க மறுத்தார். மூன்று மாதக் கடுங்காவல் விதித்தார்கள். நாடெங்கும் எழுந்த கண்டனத்தில் இரண்டே நாளில் விட்டுவிட்டார்கள். அவர் அத்தோடு நிற்காமல் வழக்குப் போட்டார். தண்டனை செல்லாது என்று பின்னர் உயர் நீதிமன்றம் சொன்னது. அடையாளமாக அவர் கேட்ட ஆயிரம் ரூபாய் இழப்பீடு வந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்டிவைத்தார். அந்த ஜோக்கை அட்டையோடு மறந்துபோயிருக்கக்கூடிய வாசகர்கள், சட்டமன்றத்தின் புண்ணியத்தில் அதை இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

2015 அக்டோபரில் மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாடகர் கோவன், டாஸ்மாக் கடைகளை மூடச் சொல்லிப் பாடியதற்காகத் தேசத்துரோகப் பிரிவில் கைதானார். 2017 நவம்பரில் முதல்வரையும் அதிகாரிகளையும் சாடி வரைந்த படத்துக்காகக் கேலிச்சித்திரக்காரர் ஜி. பாலா கைதானார். 2025 பிப்ரவரியில், அமெரிக்காவிலிருந்து இந்தியர்கள் விலங்கிட்டுத் திருப்பி அனுப்பப்பட்ட நேரத்தில், பிரதமரே டிரம்ப் அருகில் விலங்கோடு அமர்ந்திருப்பதாக வரைந்த படத்தை விகடனின் இணைய இதழ் வெளியிட்டது. முழு இணையதளமும் முடக்கப்பட்டது. அந்தப் படத்தைத் தற்காலிகமாக நீக்கும் நிபந்தனையோடு உயர் நீதிமன்றம் முடக்கத்தை விலக்கியது. கட்சிகள் மாறின, ஆண்டுகள் மாறின. கோபம் ஒன்றுபோலவே இருக்கிறது.

அதிகாரத்தின் இந்தச் சங்கடத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டுச் செயல்பட்டவர்கள் செர்பியாவின் ‘ஒட்போர்’ மாணவர்கள். அதிபர் மிலோசெவிச்சின் முகம் ஒட்டிய பீப்பாய் ஒன்றைப் பெல்கிரேடின் கடைத்தெருவில் வைத்தார்கள். ஒரு தினார் போட்டு, பக்கத்தில் இருக்கும் கட்டையால் ஓர் அடி அடிக்கலாம். வைத்தவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். வந்த போலீசுக்குக் கைது செய்ய ஆள் கிடைக்காமல் பீப்பாயைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சும்மா விட்டிருந்தால் அரசு பயந்ததாகும். தூக்கிக்கொண்டு போனதால் பைத்தியக்காரத்தனமாகியது. கோலத்தைக் கைது செய்த காவல்துறை மாட்டியதும் இதே கண்ணியில்தான்.

நீதிமன்றத்துக்கே சிரிப்பு வந்த சந்தர்ப்பமும் உண்டு. குடும்பத்தோடு சிறுமலைக்குச் சுற்றுலா போன ஒருவர், துப்பாக்கிப் பயிற்சிக்காகப் போவதாக முகநூலில் விளையாட்டாக எழுதினார். நாட்டுக்கு எதிராகப் போருக்கு ஆயத்தம் செய்ததாக வாடிப்பட்டி போலீஸ் வழக்குப் பதிந்தது. 2021 டிசம்பரில் அதை ரத்து செய்த மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், அடிப்படைக் கடமைகளின் பட்டியலில் சிரிப்பதையும் சேர்த்தால் என்ன என்கிற அளவுக்கு எழுதினார். அதோடு, எதைப் பார்த்துச் சிரிப்பது என்பதுதான் கனமான கேள்வி என்றும் குறிப்பிட்டார்.

சிரிப்பின் திசை

அந்தக் கேள்வியில் நம் நகைச்சுவை மரபு பாஸ் மார்க் வாங்குவது கடினம். அட்டையில் அமைச்சரைக் குத்திய அதே பத்திரிகை உலகம், உள்பக்கங்களில் பூரிக்கட்டை மனைவியையும் மாமியார் கொடுமையையும் வைத்துப் பல தலைமுறைகளைச் சிரிக்க வைத்திருக்கிறது. தமிழ் சினிமாவின் நகைச்சுவைக் காட்சிகளில் கறுப்பு நிறமும் பருத்த உடலும் திருநங்கையரும் எத்தனை முறை ஜோக்காக ஆனார்கள் என்று எண்ணினால் விரல் போதாது. இவையும் எள்ளல்தான். ஏற்கெனவே ஊர் மிதிப்பவரை மேலும் ஒரு மிதி மிதித்து அதற்குக் கைதட்டல் வாங்கும் எள்ளல். இதற்காக ஒருவரும் சிறைக்குப் போனதில்லை என்பதே அதன் திசையைச் சொல்லிவிடுகிறது.

கொஞ்சம் சிக்கலான வழக்கு அம்பேத்கர் கேலிச்சித்திரம். அரசமைப்பு நத்தை வேகத்தில் உருவாவதாகக் கேலிச்சித்திரக்காரர் சங்கர் 1949-இல் வரைந்த படத்தில் அம்பேத்கர் நத்தைமேல் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் நேரு சாட்டையோடு நிற்கிறார். அது பதினோராம் வகுப்புப் பாடநூலில் இருந்தது. 2012-இல் நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு எழுந்தது, தொல். திருமாவளவனும் எழுப்பியவர்களில் ஒருவர். படத்தை நீக்கினார்கள். கருத்துச் சுதந்திரத்துக்கு அடி என்று ஒரு சாரார் வருந்தினார்கள். சாட்டை இருவர் கையிலும் இருக்கிறது, இருவரும் விரட்டுவது நத்தையைத்தான் என்று விளக்கம் சொன்னார்கள். ஆனால் சாட்டையின் வீச்சைத் தலைமுறை தலைமுறையாக முதுகில் வாங்கியவர் கண்ணுக்கு அந்தப் படம் வேறொன்றாகத் தெரிந்தது. பின்னர் உன்னமதி சியாம சுந்தர் 1932 முதல் 1948 வரை ஆங்கில இதழ்களில் அம்பேத்கரைப் பற்றி வந்த நூற்றுக்கும் மேற்பட்ட கேலிச்சித்திரங்களைத் தொகுத்தபோது, தனித்த ஒரு படத்தில் தெரியாத ஒன்று வரிசையில் தெரிந்தது. குழந்தையாக, பெண்ணாக, குட்டையான ஆளாகத் திரும்பத் திரும்ப அவரைச் சிறிதாக்கிய கைகள் தேர்ந்த கைகள். ஆனால் பெரும்பாலும் ஒரே பக்கத்திலிருந்து வந்த கைகள்.

என் கருத்தில், படத்தை நீக்கியது தவறான மருந்து. மாணவர்களிடம் அதை வைத்துக்கொண்டே, தூரிகை யார் கையில் இருந்தது என்று கேட்டிருக்கலாம். ஆனால் நோய் இருந்தது உண்மை. எதிர்ப்புக் கலை என்ற பெயர் ஒன்றே ஒரு நையாண்டிக்கு நியாயம் தந்துவிடாது. எள்ளப்பட்டவர் அதில் சிரிக்க இடம் இருக்கிறதா என்பதைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

கிடைத்தது என்ன?

இனி முதலில் எழுப்பிய வழக்கு. சிரித்ததால் நீதி கிடைத்ததா?

கொடைக்கானலில் 1983-இல் தொடங்கிய வெப்பமானித் தொழிற்சாலை பின்னர் இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடந்ததை 2001-இல் மக்களும் சூழலியலாளர்களும் வெளிக்கொண்டு வந்தார்கள். ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் தங்கள் நோய்களுக்கும் மரணங்களுக்கும் பொறுப்பேற்கச் சொல்லி மனு, மறியல், உயர் நீதிமன்ற வழக்கு என்று அலைந்தார்கள். 2015 ஜூலையில் சென்னையைச் சேர்ந்த சோபியா அஷ்ரப், ஓர் அமெரிக்க ராப் பாட்டின் மெட்டில் நிறுவனத்தை நக்கலடித்து ஒரு காணொளி வெளியிட்டார். சில நாட்களிலேயே பல லட்சம் பேர் பார்த்தார்கள். தாய் நிறுவனமான யூனிலீவரின் உலகத் தலைவரே பதில் சொல்ல வேண்டி வந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கு இழப்பீடு தர நிறுவனம் உடன்பட்டது. நோய்களுக்குத் தான் காரணம் என்று ஏற்காமல், மனிதாபிமான அடிப்படையில் என்று சொல்லித்தான் தந்தது.

இதைப் பாட்டின் வெற்றி என்று எழுதுவது எளிது. ஆனால் பதினைந்து ஆண்டுகள் கோப்பைக் கைவிடாத ஒரு தொழிலாளர் சங்கம் அங்கே இருந்தது. பாட்டு செய்தது, யாரும் திரும்பிப் பார்க்காத அந்தக் கோப்பை உலகத்தின் முகத்துக்கு நேரே பிடித்தது. சங்கம் இல்லாவிட்டால் பாட்டு ஒரு வாரப் பேச்சாகப் போயிருக்கும். பாட்டு இல்லாவிட்டால் கோப்பு இன்னும் சில ஆண்டுகள் உறங்கியிருக்கலாம்.

கோவன் பாட்டுக்கும் இப்படித்தான் கணக்குப் பார்க்க வேண்டும். மதுவிலக்குக் கேட்டுப் போராடிய சசிபெருமாள் 2015 ஜூலையில் போராட்டக் களத்திலேயே இறந்தார். பெண்கள் கடைகளை முற்றுகையிட்டார்கள். கோவனின் கைது அந்தப் பாட்டை ஒவ்வொரு கைபேசிக்கும் கொண்டு சேர்த்தது. 2016 தேர்தலில் மதுவிலக்கு முக்கியக் கட்சிகளின் வாக்குறுதியானது. மீண்டும் முதல்வரான ஜெயலலிதா 500 கடைகளை மூட உத்தரவிட்டார். டாஸ்மாக் இருக்கிறது. ஆனால் அரசே சாராயம் விற்பது வெட்கப்பட வேண்டிய விஷயம் என்பதை எந்த அரசும் இன்று மறுத்துப் பேசுவதில்லை. எதிர்ப்புக் கலை பெரும்பாலும் ஈட்டுவது இந்த அளவுதான்: நேற்று சொல்ல முடியாதிருந்ததை இன்று சாதாரணப் பேச்சாக்குவது.

அந்த அளவும் கிடைக்காத இடம் உண்டு. 2017 அக்டோபரில், கந்துவட்டிக் கொடுமை பற்றிப் பலமுறை மனுக் கொடுத்தும் பயனில்லாமல், ஒரு கூலித் தொழிலாளி தன் மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் தீக்குளித்தார். நால்வரும் இறந்தார்கள். பாலா வரைந்த படத்தில் எரியும் குழந்தையின் முன் முதல்வரும் ஆட்சியரும் காவல் அதிகாரியும் ஆடையின்றி, ரூபாய் நோட்டால் மானத்தை மறைத்து நிற்கிறார்கள். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. செம்பொருள் அங்கதம் என்று தொல்காப்பியம் சொல்லும், மூடி மறைக்காத நேரடி வசை அது. வரைந்தவர் கைதாகி மறுநாள் ஜாமீனில் வந்தார். அவரைப் பற்றிப் பேசினோம். அநாகரிகமா, சுதந்திரமா என்று தொலைக்காட்சிகளில் விவாதித்தோம். கந்துவட்டிக்கு எதிராக மாநிலத்தில் 2003 முதலே சட்டம் இருக்கிறது; அது ஏன் அந்தக் குடும்பத்துக்கு உதவவில்லை என்ற பேச்சு ஓரத்துக்குப் போனது. கொடைக்கானலில் இருந்ததுபோல் கோப்பைத் தூக்கிப் பிடிக்கக் கடனாளிகளுக்கு ஒரு சங்கம் இல்லை.

திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகங்களில் குறைதீர் நாள் நடக்கிறது. மனுவோடு வருகிறவர்களை வாசலில் நிறுத்தி, பையைத் திறக்கச் சொல்லி, மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று போலீசார் தேடுகிறார்கள். இல்லையென்று உறுதியானதும் மனுவோடு உள்ளே அனுப்புகிறார்கள். கட்டியங்காரன் இன்று மேடையேறினால் ராஜாவிடம் கேட்க அவனுக்குப் புதிதாக ஒரு கேள்வி இருக்கிறது: பையில் இருந்த பாட்டிலைத் தேடினீர்களே, மனுவைப் படித்தீர்களா? அந்தக் கேள்விக்குச் சபை சிரிக்கும். பதிலை வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவோம் என்று சிரித்தவர்களில் நாலு பேர் விடிந்த பிறகும் உட்கார்ந்திருந்தால், அன்று அது வெறும் கூத்தாக முடியாது.